எத்தனைக்கு எத்தனை? ஒரே கருத்திலிருந்து பாக்கெட்டும் விளம்பரமும்: முழுமையான வழிகாட்டி

காபித்தூள் பாக்கெட்டுகள் பத்தை வரிசையாக அடுக்கி, பெயரை மட்டும் காகிதத்தால் மறைத்துப் பாருங்கள். ஆவி பறக்கும் டவரா-டம்ளர், சிதறிக் கிடக்கும் கொட்டைகள், பழுப்பு நிறம். எது யாருடையது என்று சொல்வது கடினம். வரைந்தவர்களுக்குத் திறமை இல்லாததால் இப்படி ஆகவில்லை. வரையத் தொடங்கும்போது அவர்கள் கையில் கருத்து எதுவும் இல்லை, ‘காபி’ என்ற பொருள் மட்டும்தான் இருந்தது.

புதிதாக வரும் ஒரு பில்டர் காபித்தூளை எடுத்துக்கொண்டு, கருத்து பிடிப்பதிலிருந்து இரண்டாவது அச்சு வரை ஒவ்வொரு படியாக இங்கே பார்க்கலாம். 200 கிராம் பை, காபியும் சிக்கரியும் (காபியோடு கலக்கும் வறுத்த வேர்த்தூள்) 80/20, 70/30, 60/40 என்று மூன்று கலவை, விற்பனை தமிழ்நாட்டில். எண்ணெய், பொடி, சோப்பு என்று எதை விற்பவருக்கும் படிகள் ஏறக்குறைய இவையே.

படி 1: கடையில் நின்று கேட்பது

டிசைனரிடம் போகும் முன் காபித்தூள் அரைத்துத் தரும் கடை ஒன்றில் காலை நேரம் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். “பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி கிலோவுக்கு இருநூறு கிராம்” என்று கொட்டை வகைகளோடு தன் வீட்டுக் கணக்கைச் சொல்லி வாங்குபவர்கள் வருவார்கள். “போன தடவை சிக்கரி தூக்கலா இருந்துச்சு” என்ற புகாரும் வரும். இவற்றைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளை மூன்றாகப் பிரித்து நிரப்புங்கள்: நம் பொருளைப் பற்றி நிரூபிக்கக்கூடிய உண்மைகள், வாங்குபவர் வாயிலிருந்து வந்த சொற்கள், மற்ற பிராண்டுகள் சிறிய எழுத்தில் ஒதுக்கி வைக்கும் செய்திகள். கருத்து பெரும்பாலும் இந்த மூன்றும் உரசும் இடத்தில்தான் கிடைக்கும்.

காபியில் அந்த உரசல் வெளிப்படையாகவே இருக்கிறது. சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இது உணவுப் பாதுகாப்பு விதி. எல்லோரும் அச்சிடுகிறார்கள். ஆனால் தேடினால்தான் கண்ணில் படும். வாங்குபவருக்கோ அதுதான் முதல் கேள்வி.

படி 2: கருத்தை ஒரே வரியில் எழுதுவது

“எத்தனைக்கு எத்தனை என்பதை ஒளிக்காமல், பாக்கெட்டின் முகத்திலேயே சொல்லும் காபி.” கருத்து இவ்வளவுதான். இது விளம்பர வாசகம் அல்ல, டிசைனரும் எழுத்தாளரும் அச்சகமும் விற்பனையாளரும் ஒரே திசையில் போவதற்கான உள் உத்தரவு.

வரி சரிதானா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும். முதலாவது, போட்டியாளர் இதே வரியைக் கூசாமல் சொல்ல முடியுமா? 51/49 விற்பவர் அந்த எண்ணைப் பெரிதாகப் போடமாட்டார், ஆகவே தேறுகிறது. “மனம் மயக்கும் மணம்” என்பதை யாரும் சொல்லலாம், ஆகவே தேறாது. இரண்டாவது, படமே இல்லாமல் இதை ஒரு வடிவமாகக் காட்ட முடியுமா? மூன்றாவது, வரிக்குள் ‘மற்றும்’ இருக்கிறதா? “மணமும் பாரம்பரியமும் மற்றும் நியாயமான விலையும்” என்று எழுதினால் கையில் இருப்பது மூன்று அரைக் கருத்துகள்.

கருத்து என்றாலே வாசகம் என்று நினைப்பவர்கள் கடலூரை நினைத்துப் பார்க்கலாம். சாஷேவில், அதாவது ஒரு வேளைக்கான சிறு பொட்டலத்தில், ஷாம்பு என்ற யோசனையைச் செயலாக்கியவர்களில் முன்னோடி அந்த ஊரின் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். காலி சாஷே ஐந்தைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்ற அவர்களின் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டது. பாட்டில் வாங்க முடியாதவரும் ஒரு வேளைக்கு வாங்கலாம் என்பதே அங்கே கருத்து. பையின் அளவு, விலை, பரிசுத் திட்டம் மூன்றும் அந்த ஒன்றையே சொல்லின.

படி 3: பெயரும் சொற்களும் சட்டத்தில் நிற்குமா?

பெயரை முடிவு செய்யும் முன் வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையதளத்தில் தேடுங்கள். அங்கே பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், காபி, மசாலா, பொடி எல்லாம் வகுப்பு 30. இணையவழி விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ஒரே ஒலியில் வேறு எழுத்தில் இருக்கும் பெயர்களையும் பாருங்கள், எதிர்ப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

அடுத்து சொற்கள். ‘பியூர்’, ‘ஒரிஜினல்’, ‘டிரெடிஷனல்’, ‘நேச்சுரல்’ போன்றவை பிராண்ட் பெயருக்குள் இருந்து, வாங்குபவரைக் குழப்பக்கூடும் என்றால், ‘இது பெயர் மட்டுமே, பொருளின் தன்மையைக் குறிப்பது அல்ல’ என்ற அறிவிப்பைக் குறைந்தது 3 மி.மீ. எழுத்தில் போட வேண்டும். அழகான முகப்பில் அந்த ஒரு வரி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ‘வீட்டில் செய்தது’, ‘வீட்டுச் சமையல்’ என்ற உரிமைகோரல்களுக்கு அனுமதியே இல்லை. ‘100 சதவீதம்’ என்ற சொல்லைத் தவிர்க்கும்படி 2025-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

நம் கருத்துக்கு இங்கே ஒரு வசதி. எண்ணுக்கான ஆதாரம் நம் கையிலேயே இருக்கும், ஒவ்வொரு பேட்சிலும் காபி எத்தனை கிலோ, சிக்கரி எத்தனை கிலோ சேர்த்தோம் என்ற பதிவேடுதான் அது. முதல் நாளிலிருந்தே அதை எழுதி வையுங்கள்.

படி 4: பையின் உடல்

வறுத்த காபி பல நாள் கரியமில வாயுவை வெளியிடும். அரைத்தால் அது வேகமாக வெளியேறும், மணமும் கூடவே போகும். சிக்கரிக்கு ஈரத்தை இழுக்கும் குணம், காற்றுப் பட்டால் தூள் கட்டி தட்டும். ஆகவே ஆக்சிஜன், ஈரம், ஒளி மூன்றையும் தடுக்கும் படலம் தேவை. 12 மைக்ரான் பெட் (PET என்ற பிளாஸ்டிக் படலம்), 9 மைக்ரான் அலுமினியத் தாள், 60 முதல் 75 மைக்ரான் பாலித்தீன் என்ற மூன்றடுக்கு பழகிய அமைப்பு. அலுமினியத் தாளுக்குப் பதில் மெட்டலைஸ்டு பெட் (மெல்லிய உலோகப் பூச்சு ஏற்றிய படலம்) போட்டால் செலவு குறையும், தடுப்பும் குறையும். வேகமாக விற்றுத் தீரும் ஊருக்கு அது போதும்.

அரைத்த சூட்டோடு அடைத்தால் பை பந்துபோல் உப்பி சீல் பிரியும். சில மணி நேரமாவது மூடிய கலனில் ஆறவிட்டு அடையுங்கள், அல்லது ஒருவழி வால்வு வைத்த பை வாங்குங்கள்.

பையின் அளவைக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டாம். அச்சில்லாத வெற்றுப் பைகளை இரண்டு மூன்று அளவில் வாங்கி, உங்கள் தூளையே 200 கிராம் நிரப்பி சீல் செய்யுங்கள். நிரம்பிய பையின் ஓரங்கள் வளையும், அடி மடிப்பு விரியும். முன்னிருந்து நேராகத் தெரியும் பரப்பைப் பேனாவால் பையிலேயே கோடிட்டு அளந்துகொள்ளுங்கள். நிற்கும் பையில் இருபக்கமும் 10 முதல் 12 மி.மீ., மேலே சீல், ஜிப், கிழிக்கும் வெட்டு எல்லாம் சேர்ந்து 35 மி.மீ. அளவுக்குப் போய்விடும். கணினித் திரையில் தட்டையாகப் பார்த்து வரைந்த டிசைனில் எழுத்து ஓரத்தில் மறைவதற்கு இதை அளக்காததே காரணம்.

படி 5: முகப்பு

கருத்து வடிவமாகும் இடம் இது. மேலே பிராண்ட் பெயருக்கு ஒரு வெளிர்ப் பட்டை. அதன் கீழுள்ள பரப்பு முழுவதையும் கலவை விகிதத்திலேயே இரண்டாக வெட்டுங்கள்: 80/20 பையில் மேலிருந்து 80 சதவீத உயரம் கறுப்பு, கீழே 20 சதவீதம் பழுப்பு. 60/40 பையில் அந்தக் கோடு ஏறிவிடும். மூன்று பைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் படிக்கட்டுபோல் தெரியும், அலமாரியே ஒரு வரைபடம் ஆகும். டம்ளர் படம், ஆவி எதுவும் வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. சிக்கரி கூடினால் டிகாக்‌ஷன் இன்னும் கறுப்பாகத்தான் இறங்கும். நம் பையிலோ சிக்கரி கூடினால் கறுப்பு குறைகிறது. காபி தெரிந்தவர் கேட்பார். அதனால் ‘காபி 80’ என்று கறுப்பிலும் ‘சிக்கரி 20’ என்று பழுப்பிலும் பெரிதாக எழுதிவிட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பிப் புரிய வைக்கப் பார்க்காதீர்கள்.

இந்த வடிவம் பணத்தையும் மிச்சப்படுத்தும். செதுக்கிய சிலிண்டர்களால் அடிக்கும் கிராவூர் அச்சில் நிறம் ஒன்றுக்கு ஒரு சிலிண்டர். ஏழு நிறம், மூன்று கலவை என்றால் 21 சிலிண்டர். ஆனால் பழுப்பை முழுப் பரப்புக்கும் பொதுவாக அடித்து, அதன்மேல் விழும் கறுப்பை மட்டும் கலவைக்கு ஏற்ப மாற்றினால், பொதுவான ஆறும் மாறும் மூன்றுமாக ஒன்பது சிலிண்டரில் வேலை முடியும். ‘காபி 80’ என்ற எழுத்தைக் கறுப்பில் வெட்டி எடுத்தால் பின்னாலுள்ள பழுப்பு தெரியும், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் விலகினாலும் வெள்ளைக் கோடு தலைகாட்டாது. கலவைக்குக் கலவை மாறும் எல்லாச் செய்தியையும் (சதவீதம், பார்கோடு) கறுப்பிலேயே வைப்பது இதற்கு நிபந்தனை. சில நூறு பைகள் மட்டும் போதும் என்றால் சிலிண்டரே வேண்டாம், டிஜிட்டல் அச்சுக்குப் போங்கள். பை ஒன்றுக்கு விலை கூடும், ஆனால் கிடங்கில் பணம் முடங்காது.

அண்ணாச்சி கடையில் பாக்கெட் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வாங்குபவர் தொட்டுப் பார்க்கமாட்டார், வாயால் கேட்பார். ஆகவே பையை எப்படிக் கேட்பார்கள் என்பதையும் டிசைனில் யோசிக்க வேண்டும். “எண்பது இருபது குடுங்க” என்று கேட்க முடிவது இங்கே பெரிய லாபம். சூப்பர் மார்க்கெட்டுக்கு, அச்சிட்ட தாளை நிரம்பிய பையில் ஒட்டி, போட்டிப் பாக்கெட்டுகள் பத்துப் பன்னிரண்டின் நடுவே வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி மூன்று விநாடி பாருங்கள். செல்போன் செயலிக்கு, அதே முகப்பைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எண் தெரிந்தால் போதும்.

படி 6: பின்பக்கம்

கட்டாயச் செய்திகளைக் கடைசியில் திணிக்காமல் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள்: பொருளின் பெயர், உட்பொருள்கள், நிகர எடை, தயாரிப்பாளர் பெயர்-முகவரி, 14 இலக்க உணவு உரிம எண்ணும் சின்னமும், சைவக் குறி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, ஒரு கிராமின் விலை, நுகர்வோர் தொடர்பு. முகப்புப் பரப்பு 100 முதல் 500 சதுர செ.மீ. வரை என்றால் சைவக் குறியின் பச்சை வட்டம் 4 மி.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது.

பலர் தடுக்கி விழும் இடம் மொழி. கட்டாயச் செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடவே சேர்க்கலாம், தமிழ் மட்டும் போதாது. சிக்கரி சதவீத வாக்கியத்தை முகப்பில் தமிழில் பெரிதாகப் போட்டாலும் ஆங்கில அறிவிப்பு தனியாக இருக்க வேண்டும்.

விலை, பேட்ச், தேதி ஆகியவற்றைச் சிலிண்டரில் வெட்டாதீர்கள், விலை ஏறிய அன்று மொத்தப் பைகளும் வீண். இவற்றைப் பையில் பிறகு அடிக்கும் கோடிங் இயந்திரத்துக்கு வெளிர் நிறத்தில் 40 × 15 மி.மீ. காலியிடம் விடுங்கள். அடித்த மையைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மேட் (பளபளப்பில்லாத) படலத்தில் சில மைகள் அப்படியே கையோடு வந்துவிடும்.

பார்கோடு பற்றி ஒரு எச்சரிக்கை. காபி டிசைனர்களுக்குப் பார்கோடையும் பழுப்பில் போட ஆசை வரும். ஸ்கேனர் சிவப்பு ஒளியில் படிக்கிறது, அதற்குச் சிவப்பும் ஆரஞ்சும் பல பழுப்புகளும் வெள்ளைபோலத் தெரியும், கோடே இல்லை என்று சொல்லிவிடும். வெள்ளைமேல் கறுப்பு, அவ்வளவுதான். முழு அளவு 37.29 × 25.93 மி.மீ., 80 சதவீதம் வரை சுருக்கலாம், இருபக்க வெற்றிடத்தைத் தொடக் கூடாது. பளபளக்கும் படலம் என்றால் அடியில் வெள்ளை மை கட்டாயம்.

படி 7: தமிழ் எழுத்தும் அச்சுக் கோப்பும்

வரைகலை மென்பொருளில் தெற்காசிய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பை இயக்காமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் ‘கொட்டை’ என்பது ‘ெகாட்டை’ என்று உடையும். இதைத் தவிர்க்கப் பழைய பாமினி வகை எழுத்துருவுக்குப் போகிறவர்கள் உண்டு. அப்போது திருத்த வேண்டியவர் கணினியில் அது வெறும் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடிலேயே வேலை செய்து, திருத்தக்கூடிய கோப்பு ஒன்றும், எழுத்துகளை வடிவமாக மாற்றிய அச்சுக் கோப்பு ஒன்றுமாக இரண்டு வையுங்கள். வடிவமாக மாற்றிய பிறகு தமிழ் நன்கு தெரிந்த ஒருவர் முதல் எழுத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.

கறுப்பில் வெள்ளையாக வெட்டிய சிறிய தமிழ் எழுத்தில் மை பரவி முதலில் மூடுவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பில்டர்’ ‘பிலடர’ ஆகிவிடும். 8 பாயிண்டுக்குக் கீழே வெட்டெழுத்து வேண்டாம், மெல்லிய எழுத்துருவும் வேண்டாம். சிறு எழுத்து எதையும் நான்கு நிறக் கலவையில் அடிக்காதீர்கள், ஒரே மையில் வையுங்கள். பிராண்டின் பழுப்பைத் தனி மையாகவே எடுங்கள். நான்கு நிறத்தில் கலந்த பழுப்பு ஒரு சுருளில் சிவந்தும் அடுத்ததில் பச்சை தட்டியும் வரும்.

படி 8: அச்சு ஒப்புதல்

காகித மாதிரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பெரும் தவறு. நிறம் பெட் படலத்தின் பின்பக்கம் தலைகீழாக அச்சாகிறது. கறுப்பு முதலில், வெள்ளை கடைசியில், பிறகு மற்ற அடுக்குகளோடு ஒட்டும் லேமினேஷன். பளபளப்புப் படலத்தில் நிறம் ஆழமாகும், மேட் படலத்தில் கறுப்பு சாம்பல் தட்டும். அசல் படலத்தில், அசல் அடுக்கோடு ஒரு மாதிரி கேளுங்கள். ஒப்புக்கொண்ட துண்டில் இருதரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வையுங்கள், வெளிச்சம் படாமல்.

பைகள் வந்ததும் முதலில் மூக்கால் பாருங்கள். லேமினேஷன் பசை ஆறாமல் பை செய்தாலும், மையின் கரைப்பான் மிச்சமிருந்தாலும் வாடை தூளில் ஏறும், காபி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். சில துண்டுகளை வெட்டி மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் அரை மணி வைத்துத் திறந்து முகருங்கள். பெயின்ட் கடை வாடை வந்தால் திருப்பி அனுப்புங்கள். நிரப்பி சீல் செய்த பைகள் பத்தை இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள், பிறகு வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

படி 9: விளம்பரம்

பையில் உள்ளதையே விளம்பரமும் பேச வேண்டும், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். வாசகம் ஏற்கெனவே கடையில் கேட்டதுதான்: “உங்க வீட்டு காபி எத்தனைக்கு எத்தனை?” பதில் வாங்குபவரிடம் இருக்கிறது, அவர் பதில் சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

வானொலி 20 விநாடிக்கு 35 முதல் 40 சொல்தான் தாங்கும். அதற்கு மேல் திணித்தால் அறிவிப்பாளர் ஓட ஆரம்பிப்பார். இப்படி இருக்கலாம்:

(டிகாக்‌ஷன் பாலில் விழும் சத்தம், ஆற்றும் சத்தம்)
மாமியார்: காபி யாரு போட்டா?
மருமகள்: நான்தான் அத்தை.
மாமியார்: எத்தனைக்கு எத்தனை?
மருமகள்: எண்பதுக்கு இருபது.
(உறிஞ்சும் சத்தம். இரண்டு விநாடி அமைதி.)
மாமியார்: இன்னும் கொஞ்சம் இருக்கா?
குரல்: (பிராண்ட் பெயர்) பில்டர் காபி. எத்தனைக்கு எத்தனைன்னு பாக்கெட்லயே இருக்கு.

அந்த இரண்டு விநாடி அமைதியை வெட்டி ‘மணம், குணம்’ சேர்க்கச் சொல்பவர் கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். ‘பேஷ் பேஷ்’ என்றதும் நரசுஸ் காபி நினைவுக்கு வருவதும் ஒரே ஒரு எதிர்வினையைத் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான்.

சுவர் விளம்பரத்தில் பெயர், 80/20 என்ற கறுப்பு-பழுப்புக் கட்டம், ஐந்து சொல், அதோடு நிறுத்துங்கள், பார்ப்பவர் ஓடும் பேருந்தில் இருக்கிறார். தனியார் சுவருக்கு உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். பொதுச் சுவரில் எழுதுவது தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மாதிரிப் பொட்டலத்தை 5 கிராமில் அடிக்காதீர்கள். பில்டரில் அவ்வளவு தூள் மெல்லிய படலமாகத்தான் நிற்கும், தண்ணீர் ஓடி இறங்கும், டிகாக்‌ஷன் தண்ணீராக வரும், பழி தூளின்மேல் விழும். 20 கிராம் வேண்டும், சின்ன பில்டருக்கு ஒரு தடவை, மூன்று நான்கு பேருக்குக் காபி. மூன்று கலவையிலும் ஒவ்வொன்றாக ஒரே அட்டையில் வைத்து, பின்பக்கம் வீட்டில் யாருக்கு எது பிடித்தது என்று குறிக்கக் கட்டம் போடுங்கள். மூன்று நாள் காலை வீட்டுக்குள் அந்தப் பேச்சு நடக்கும்.

வரிசையும் முக்கியம். ஒரு பகுதியில் பத்துக் கடைக்கு ஆறு கடையிலாவது சரக்கு இறங்கும் முன் விளம்பரம் தொடங்கக் கூடாது. கேட்டு வருபவரிடம் “அது இல்ல, இது நல்லா இருக்கும்” என்று அண்ணாச்சி வேறொன்றைக் கொடுத்தால் நம் காசில் போட்டியாளர் விற்கிறார்.

படி 10: அளப்பதும் இரண்டாவது அச்சும்

முதல் ஆர்டரை விற்பனை என்று எண்ணாதீர்கள், அது கடைக்காரருக்கு விற்றது. இரண்டாவது ஆர்டர் எத்தனை நாளில் வந்தது, எந்தக் கலவைக்கு வந்தது என்று கடைவாரியாகக் குறியுங்கள். கூடவே, வாங்க வருபவர் என்ன சொல்லிக் கேட்கிறார் என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள். பெயர் சொல்லியோ எண் சொல்லியோ கேட்டால் சரி. “புதுசா வந்த கறுப்பு பாக்கெட்” என்றாலும் பரவாயில்லை. “காபித்தூள் ஏதாவது” என்று கேட்டால் பை நன்றாக இருந்தும் விளம்பரம் சேரவில்லை என்று பொருள்.

இரண்டாவது அச்சில் எல்லாவற்றையும் மாற்றும் ஆசையை அடக்குங்கள். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு, உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டு, எழுத்து, அமைப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியது. வழக்கமாக வாங்குபவர்களுக்கே பெட்டி அடையாளம் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் சரிந்து, பழைய பெட்டிக்கே திரும்பினார்கள். நம் பையில் கறுப்பு-பழுப்புக் கோடும் எண்ணும் அசையக் கூடாதவை, மற்றவற்றை ஒரு அச்சுக்கு ஒன்றாக மாற்றலாம். புதுப் பை இறங்கும் முன் பழைய சரக்கை அந்தப் பகுதிக் கடைகளில் விற்றுத் தீர்த்துவிடுங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் நின்றால் ஏதோ ஒன்று போலி என்று வாங்குபவர் நினைப்பார், அல்லது பழையது காலாவதி என்று ஒதுக்குவார்.